எலும்பு முறிந்தால் ஒப்பரேஷனுக்குப் பயப்பட வேண்டுமா?

(தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



மழை நாளில் மலையிலே கால் சறுக்கும். கொழுந்துக் கூடையோடு விழுந்து கை கால் முறிவது நமக்குப் புதிய கதை இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் "ஒப்பரேஷன்" என்றதும், "ஐயோ, காலை வெட்டிருவாங்க" என்று லயத்துக்கே திரும்பி வருகிறவர்கள் உண்டு.

ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, நம்மவர்களுக்கு வைத்தியம் படிப்பித்தார். பிற்பாடு தமிழிலேயே படிப்பித்தார். சத்திர சிகிச்சையைச் சொல்லும் 'இரண வைத்தியம்' என்ற நூலை 1867இல் தமிழில் வெளியிட்டார். லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும் அதே வருஷந்தான். அந்த நாளில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால் காயம் சீழ் பிடிக்கும். உயிர் பிழைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் காலை எடுக்கத்தான் வேண்டும்.

சீழுக்குக் காரணம் கிருமி. அதைத் தடுத்தால் காலைக் காப்பாற்றலாம் என்று ஸ்கொட்லாந்தில் டாக்டர் ஜோசப் லிஸ்டர் எழுதியதும் 1867இல்தான். மானிப்பாயில் அந்த நூலைப் படித்தவர்களுக்குக் கிட்டாத வசதி இன்று நமக்கு இருக்கிறது. இன்றைய ஒப்பரேஷன் காலைக் காப்பாற்றத்தான். மயக்க மருந்து கொடுத்து, காயத்தைக் கழுவி, விலகிய எலும்பை நேராக்கி, தகடு, திருகாணி அல்லது கம்பியால் பிடித்து வைப்பார்கள். எலும்பு தானாகவே வளர்ந்து ஒட்டும். எல்லா முறிவுக்கும் ஒப்பரேஷன் தேவையில்லை. பலவற்றுக்கு மாவுக்கட்டே போதும். எதற்கு எது என்பதை எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆனபடியால் விழுந்தவுடன் இப்படிச் செய்யுங்கள்:

காயத்தைச் சுத்தமான துணியால் மூடுங்கள். மண், எண்ணெய், தேயிலைத்தூள் எதுவும் வைக்காதீர்கள். வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளாதீர்கள்.

முறிந்த இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி தடி வைத்துக் கட்டுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம். விரல் குளிர்ந்தாலோ, வெளுத்தாலோ, மரத்துப் போனாலோ கட்டை உடனே தளர்த்துங்கள்.

சாப்பாடு, தேத்தண்ணி கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு அது இடைஞ்சல்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று எண்ணெய்க் கட்டோடு படுக்க வைக்காதீர்கள். தோட்ட டிஸ்பென்சரிக்குச் சொல்லியனுப்புங்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். எலும்பு வெளியே தெரிந்தால் ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம். விழுந்த நேரத்தைக் குறித்து வைத்து, டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.