முகத்துக்கா, தாளத்துக்கா?



கலைஞனுக்குக் கொடுக்கும் கூலி எதற்கான கூலி? இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான்.

டேவிட் போரன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 2016இல் வெளியிட்ட 'ட்ரீம் எம்பயர்' என்ற விவரணப் படம், சீனத்தின் சொங்சிங் நகரத்து வியாபாரம் ஒன்றைக் காட்டுகிறது. புதிய அடுக்குமாடி வீடுகளை விற்கும் விழாக்களுக்கு வெளிநாட்டவரை வாடகைக்கு அமர்த்திக் கொடுக்க அங்கே முகவர்கள் இருந்தார்கள். பாடகர், வாத்தியக்காரர், நடனக்காரர் என்று பலரும் அந்தப் பட்டியலில் அடக்கம். வெள்ளை நிறத்தவருக்குக் கூலி அதிகம், மற்றவருக்குக் குறைவு. அந்நிய முகங்கள் மேடையேறினால் அந்த இடமே உலகத்தரம் பெற்றுவிட்டதாக வீடு வாங்க வந்தவர் நம்புவார் என்பது கணக்கு. சுருதி சேர்ந்ததா என்பது யாருக்கும் பொருட்டல்ல. 2021இல் சீன வீட்டுச் சந்தை சரியத் தொடங்கியது. அந்த ஆரவாரமும் அடங்கியது.

இதைக் கேட்டுச் சீனரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. 1880களில் ஹம்பேர்க் நகரத்து மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக், இலங்கையிலிருந்து யானைகளோடு மேளக்காரரையும் ஆட்டக்காரரையும் கப்பலேற்றி, ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தார். அங்கும் விலைபோனது முகம்தான்.

அந்நிய நாட்டுக்குப் போனால்தான் இப்படி நேரும் என்பதுமில்லை. சொந்த மண்ணிலும் நேரும். நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில், பனிமூட்டத்தையும் காற்றையும் தேடி உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். நானும் பெரியப்பாவும் தோட்டத்தில் தப்படிப்பவர்கள். விடுதி ஒன்றின் திறப்பு விழாவுக்கு எங்களை அழைத்தார்கள். சிவப்பு ஜரிகைச் சட்டை தந்தார்கள்.

தப்பில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் அடி உண்டு. வேலைக்கு ஆள் சேர்க்கப் பெரட்டுத் தப்பு, திருவிழாவுக்கு ஒன்று, காமன் கூத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. விடுதி மேலாளர் தம் கைத்தொலைபேசியில் ஓர் அடியைப் போட்டுக் காட்டி, "இதுதான் விறுவிறுப்பாக இருக்கிறது, இதையே அடியுங்கள்" என்றார். அது சாவு அடி.

பெரியப்பா சொன்னார்: "ஐயா, இது ஆளை அனுப்புற அடி. வரவேற்கிற அடியில்ல."

"வந்திருப்பவர்களில் யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார் மேலாளர்.

"எனக்குத் தெரியும்" என்றார் பெரியப்பா.

திருவிழா அடியைத்தான் அடித்தோம். பேசிய கூலியில் பாதிதான் கிடைத்தது. அடுத்த விழாவுக்கு அழைப்பு வரவில்லை. அந்தச் சட்டைகளை வேறு இரண்டு பையன்கள் போட்டுக்கொண்டு அடித்ததாகக் கேள்விப்பட்டோம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வயிறு எல்லாருக்கும் உண்டு.

ஆனால் "யாருக்குத் தெரியும்" என்ற அந்த ஒரு வார்த்தை வாத்தியத்தை வெறும் தோலும் கட்டையும் ஆக்கிவிடும். கூலி பாதியாகலாம், சட்டையும் கைமாறலாம்; அடிக்கு அர்த்தம் தெரிந்தவர் இல்லாது போனால் கலை போய்விடும். கேட்பவருக்கும் இதில் பங்குண்டு. இனி எங்கேனும் தப்பொலி கேட்டால், படம் எடுக்குமுன் அடிப்பவரிடம், "இது என்ன அடி?" என்று ஒருமுறை கேளுங்கள்.