வெயில் பொது, கூரை பொது இல்லை

(உப்பளத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

சூரிய சக்தி ஏதோ நேத்து வந்த சங்கதி மாதிரி பேசுறாங்க. நான் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. உப்புத் தண்ணியைப் பாத்தியில பாய்ச்சி உப்பா மாத்துறது எந்த அடுப்பு? வெயில்தானே! நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு நம்ம தூத்துக்குடி. அந்த வெயிலின் லாபம் அளத்து முதலாளிக்குப் போனது. பாளம் பாளமாக வெடித்த பாதமும் மங்கிய பார்வையும் எங்க அம்மாவுக்கு வந்தது.

அதனால சோலார் வேண்டாம்னு நான் சொல்ல வரல. 1979-இல் இங்கே தொடங்கிய அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்தது. புகையும் சாம்பலும் என்னன்னு நமக்குத் தெரியும். சோலார் தகட்டுக்குக் கரி வேண்டாம், புகை கிடையாது. குறையும் உண்டு: ராத்திரியில் மின்சாரம் தராது, சேமிக்க பேட்டரி வேண்டும், தூசி படிந்தால் உற்பத்தி குறையும். ஆனால் பெரிய குறை தகட்டில் இல்லை, உடைமையில் இருக்கிறது.

2016-இல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தது. பரப்பு சுமார் 2,500 ஏக்கர். நிலத்தை விற்றவனுக்கு விலை உண்டு. நிலமே இல்லாத கூலிக்காரனுக்கு? தகட்டைத் துடைக்கக்கூட அங்கே ரோபோதான்.

2024-இல் மத்திய அரசு வீட்டுக்கூரை சோலார் திட்டத்தை அறிவித்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்லதுதான். ஆனா சொந்த வீடு வேணும், தகடு தாங்குற கூரை வேணும், மீதிப் பணமும் வேணும். ஓலைக்கூரையில எதை மாட்டுறது? பட்டா இல்லாத சேரிக்கு இந்த மானியம் எந்த வழியா வரும்?

குஜராத் கட்ச் ரண்ணில் உப்பு விளைவிக்கும் அகரியா மக்கள் பலர் டீசல் பம்பை விட்டு சோலார் பம்புக்கு மாறினார்கள். டீசல் செலவு குறைந்தது. இது நமக்குப் பாடம். ஆனா பம்பு கையில வந்தும், தலைமுறை தலைமுறையா உழைக்கிற அந்த நிலத்துக்கு அவங்ககிட்ட பட்டா இல்ல. இதுவும் பாடம்தான்.

ஆகவே நம் கோரிக்கை: சேரிக்கு மனைப்பட்டா கொடு. கான்கிரீட் வீடு கொடு. சமுதாயக் கூடத்துக் கூரையில் பொதுச் செலவில் தகடு வை. அந்த மின்சாரம் எல்லா வீட்டுக்கும் பொதுவாகட்டும். தொழிலாளர் கூட்டுறவு அளங்களுக்கு சோலார் பம்பு கொடு.

இத்தனை காலம் வெயிலைச் சுமந்தது நாம். அதன் வெளிச்சத்தில் நமக்கும் பங்கு வேண்டும். சலுகையா இல்ல தோழர்களே, உரிமையா!