நிலத்தடி நீரில் மாசு செல்லும் வழி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குழாயைத் திறந்தால் நீர் வருகின்றது. ஆயினும், அங்கு வாழும் தமிழர் பலரின் உறவினர் யாழ்ப்பாணத்தில் இன்றும் கிணற்று நீரையே நம்பியுள்ளனர். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத அக்குடாநாட்டுக்குச் சுண்ணாம்புக் கற்பாறையுள் தங்கும் மழைநீரே பெருஞ் செல்வம்.

அச்செல்வத்துக்கு நேரக்கூடிய கேட்டினைச் சுன்னாகம் உணர்த்திற்று. அங்குள்ள மின் நிலையத்தின் சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெருங் கவலையாயிற்று. வழக்கை விசாரித்த உயர் நீதிமன்றம், தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமென 2019இல் தீர்ப்பளித்தது.

இழப்பீடு நேர்ந்த கேட்டுக்கு உரியது. இனி எந்தக் கிணற்றை, எக்காலத்தில் மாசு அணுகும் என்பதை முன்னரே அறிதல் இயலுமா?

இயலும் என்பதற்கு அடிப்படை இட்டவர் பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் ஹென்றி டார்சி. மணலூடாக நீர் செல்லும் வேகம், நீர்மட்டத்தின் சரிவையும் மணல் நீரை விடும் தன்மையையும் பொறுத்தது என அவர் 1856இல் வெளியிட்டார். இன்றைய அறிஞர், நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் புகும் நீரையும் வெளியேறும் நீரையும் கணினியாற் கணிக்கின்றனர். மாசு செல்லச் செல்லப் பரவுவதும், ஒரு பகுதி மண்ணிற் படிவதும், நுண்ணுயிர்கள் சிலவற்றைச் சிதைப்பதும் அக்கணக்கிற் சேரும். இயந்திரத்தால் மிகுதியாக நீர் இறைத்தால், அக்கிணறு அயலிலுள்ள நீரையும், அதனோடு மாசையும் தன்பால் இழுக்கும் என்பதும் அதனால் விளங்கும்.

ஆனால், யாழ்ப்பாணத்து நிலம் மணல் நிரப்பிய குழாய் அன்று. சுண்ணாம்புப் பாறையில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. கடலோரத்திலே கீரிமலையில் நன்னீர் ஊறுவது அதற்குச் சான்று. அத்தகைய வழிகளில் நீர் விரைந்தோடும். ஆங்கு டார்சியின் விதி மட்டும் போதாது. எண்ணெயோ பெரும்பாலும் நீரின்மேல் மிதந்து, சிறிதளவே கரையும். ஆதலால், அருகிலுள்ள கிணறு தப்பித் தொலைவிலுள்ளது கெடுதலும் கூடும்.

எனவே, மாரியிலும் கோடையிலும் பல கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, நீரைப் பரிசோதித்து, கணிப்பை அதனோடு ஒப்பிட்டுத் திருத்துதல் வேண்டும். நிலத்துள் இறங்கிய மாசை நீக்க நெடுங்காலம் செல்லும். கிணறுடையோர் நீர்மட்டத்தையும், நிறமும் மணமும் மாறிய நாளையும் குறித்து வைப்பாராயின், அக்குறிப்பு அறிஞர்க்கும் அதிகாரிகட்கும் பெருந்துணையாகும். ஊரிலுள்ள உறவினர்க்கு இதனை எடுத்துரைத்தல் கொழும்பில் வாழ்வோர்க்கும் எளிதே.