முதல் நூலா, வழி நூலா?

1982-ஆம் ஆண்டில் வெளிவந்து, சிறுவரையும் பெரியவரையும் ஒருங்கே கவர்ந்த விஞ்ஞானக் கற்பனைப் படம் ஒன்று உண்டு. அமெரிக்க இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் உருவாக்கிய ‘ஈ.டி.’ என்பதே அது. வேற்றுக் கோளிலிருந்து வந்து, தன் கூட்டத்தைப் பிரிந்து, பூமியில் தனித்து நின்றுவிட்ட ஓர் உயிரை எலியட் என்னும் சிறுவன் தன் வீட்டில் ஒளித்துவைத்துக் காக்கிறான். இதன் திரைக்கதையை எழுதியவர் மெலிசா மாதிசன் என்னும் அம்மையார். இது அவர்களுடைய சொந்தக் கற்பனைதானா, அன்றி வங்காளத்தில் முளைத்த வித்தா என்னும் ஐயம் நம் நாட்டில் பல்லாண்டுகளாக எழுந்தவண்ணம் உள்ளது. அதனை இன்று சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஐயத்திற்குக் காரணமானவர் சத்யஜித் ராய். 1962-இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழில், ‘பங்குபாபுவின் நண்பன்’ என்று பொருள்படும் பெயரில் அவர் ஒரு சிறுகதை எழுதினார். ஊராரின் கேலிக்கு ஆளான கிராமத்து ஆசிரியர் ஒருவர் மூங்கில் தோப்பில் வேற்றுக் கோள்வாசி ஒருவனைச் சந்திக்கிறார். அச்சந்திப்பால் தன்மதிப்புப் பெறுகிறார்.

பின்னர், 1967-இல், ராய் ‘தி ஏலியன்’ என்னும் திரைக்கதையை எழுதினார். வங்கச் சிற்றூர் ஒன்றின் குளத்தில் விண்கலம் இறங்குகிறது. ஊரார் அதனைக் கோவிலென்று எண்ணி வழிபடுகின்றனர். அதிலிருந்து வரும் சிற்றுருவம் ஹாபா என்னும் ஏழைச் சிறுவனின் கனவில் புகுந்து விளையாடுகிறது. ஒரே இரவில் பயிர் முற்றுகிறது. பருவமல்லாத பருவத்தில் மா காய்க்கிறது. ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனம் இதனைத் தயாரிக்க முன்வந்தது. பீட்டர் செல்லர்ஸ் நடிப்பதாகப் பேச்சும் நடந்தது. ஆயினும் படம் உருவாகவில்லை. திரைக்கதையின் படிகள் மட்டும் அமெரிக்காவில் உலவின. அப்படிகள் இல்லையேல் ‘ஈ.டி.’ தோன்றியிராது என்று ராய் வெளிப்படையாகவே கருத்துரைத்தார். ஸ்பீல்பெர்க் அதனை மறுத்தார்.

இருவருள் யார் கூற்றை ஏற்பது? மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள எமக்கு ஓர் அளவுகோல் பழக்கமானது. ஒரே சுற்றறிக்கையை இரண்டு அறைகளில் இருவர் தமிழாக்கினால், பல வாக்கியங்கள் ஒன்றுபோலவே அமையும். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்பது அதனால் பெறப்படாது. பொருளே அவ்வாக்கியத்தை வேண்டிற்று. ஆனால், ஒரே பிழையோ, ஒரே தேவையற்ற சொல்லோ இரண்டிலும் இருந்தால், அப்போதுதான் யாம் ஐயுறுவோம்.

இவ்வளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். வானிலிருந்து வருபவன் பகைவனல்லன் என்னும் எண்ணம் இருவருக்குமே முதலுரிமையானதன்று. 1951-இல் வெளிவந்த ‘பூமி அசையாது நின்ற நாள்’ என்று பொருள்படும் ஆங்கிலப் படத்திலேயே அது உண்டு. சாதுவான விருந்தினனுக்குக் குழந்தை துணையாவதும் இயல்பே. ஆனால் ராயின் கதையில் பயிர் முற்றுவதும், ‘ஈ.டி.’யில் வாடிய பூ மீண்டும் மலர்வதும் நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. இவ்வொற்றுமையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

மறுபுறம், குளமும், கோவில் என்னும் மயக்கமும், ஊராரைப் பற்றிய மெல்லிய எள்ளலும் ‘ஈ.டி.’யில் இல்லை. தந்தை பிரிந்துபோன வீடும், வீடு திரும்பத் துடிக்கும் ஏக்கமும் ராயிடம் இல்லை. பெற்றோர் பிரிந்தபோது தாம் கற்பித்துக்கொண்ட துணைவனே இக்கதையின் கரு என்பது ஸ்பீல்பெர்க்கின் விளக்கம். மேலும், ராயின் திரைக்கதைக்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1964-இல், பதினேழு வயதில் அவர் வானத்து விந்தை ஒளிகளைப் பற்றி ‘ஃபயர்லைட்’ என்னும் படத்தைத் தாமே எடுத்திருந்தார்.

நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தார். முதல் நூலைப் பெரிதும் தழுவிச் செல்வது வழிநூல். சிறிதே ஒத்துப் பெரிதும் வேறுபடுவது சார்பு நூல். ‘ஈ.டி.’யை வழிநூல் எனல் பொருந்தாது. சார்பு நூலோ என்று ஐயுறலாம். அறுதியிட்டுக் கூறச் சான்று போதாது. திருட்டு என்று கூசாமல் உரைப்பது நீதியாகாது.

எனினும், ராய் இழந்தது ஒன்றுமில்லை என்றும் கொள்ளலாகாது. 1982-க்குப் பின்னர் அவர் தம் திரைக்கதையைப் படமாக்கியிருந்தால், உலகம் யாரை நகலெடுத்தவர் என்றிருக்கும்? பதினைந்து ஆண்டுகள் முன்னரே எழுதியவர், பின்னால் வந்தவராகத் தோன்றியிருப்பார். வழக்கில் வென்றாலும் தோற்றாலும் ஈடுசெய்ய இயலாத இழப்பு இது. 1992-இல் ஆஸ்கார் குழு அவருக்குச் சிறப்பு விருது வழங்கியது. அவ்வாண்டே அவர் காலமானார். ஹாபாவின் குளம் மட்டும் திரைக்கு வரவேயில்லை.

2018-இல் அத்திரைக்கதை ஆங்கில நூலாக அச்சேறியுள்ளது. ‘ஈ.டி.’ நம்முடையதே என்று முழங்குவோருள் அதனைப் படித்தவர் எத்தனை பேர்? முன்னோடிக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, பின்வந்தவரைப் பழிப்பதன்று. முன்னோடியின் எழுத்தைப் படிப்பதே. நம் வீட்டுச் சிறுவர்கள் ‘ஈ.டி.’யைக் கண்டு களிக்கட்டும். அன்றிரவே, மூங்கில் தோப்பில் பங்குபாபு கண்ட நண்பனின் கதையையும் நாம் அவர்களுக்குச் சொல்லுவோம்.