காபனோரொட்சைட்டு: மூக்குக்குத் தெரியாத சேர்வை



ஒரு சேர்வையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கலாம் என்று ஊரில் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது எப்படி இருக்கிறது? நிறம், மணம், அடர்த்தி, கொதிநிலை: இவை பௌதிக இயல்புகள். மற்றப் பொருளோடு சேர்ந்தால் என்ன செய்யும்? அது இரசாயன இயல்பு. பரீட்சையோடு மறந்துபோன இந்தப் பிரிவு, கனடாவில் குளிர்காலம் தொடங்கியதும் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. காபனோரொட்சைட்டைத்தான் சொல்கிறேன். கடையில் விற்கும் அலாரப் பெட்டியில் கார்பன் மொனொக்சைட் என்று இருக்கும்.

இதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணையோ தொண்டையையோ உறுத்தாது. "பாரமான வாயு, நிலத்தோடுதான் நிற்கும்" என்று சிலர் சொல்வது காபனீரொட்சைட்டை நினைத்துக்கொண்டு. அதன் மூலக்கூற்றுத் திணிவு 44. காபனோரொட்சைட்டுக்கு 28, வளிக்குச் சராசரியாக 29. ஆகவே இது கீழே தங்காமல், மேலேயும் ஒதுங்காமல் வீட்டு வளியோடு கலந்துவிடும். "காஸ் மணக்கவில்லைத்தானே" என்பதும் ஆறுதலல்ல. குழாயில் வரும் வாயுவின் மணம், கசிவு தெரியட்டும் என்று சேர்க்கப்படுவது. எரிந்ததும் அந்த மணம் போய்விடும்.

போதிய ஒட்சிசன் இல்லாமல் எரிபொருள் எரிந்தால் இது உண்டாகும். பனி மூடிய ஃபேர்னஸ் குழாய், கராஜுக்குள் ஓடவிட்ட கார், கரியடுப்பு. 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோ இருளில் மூழ்கியபோது பாபிக்யூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பது வெறும் நம்பிக்கை.

இனி இரசாயனம். சில உலோகங்களை இது விடாமல் பற்றும். நிக்கலோடு சேர்த்தால், 43 பாகை செல்சியசில் கொதிக்கும் ஒரு திரவம் கிடைக்கும். அதன் ஆவியை மேலும் சூடாக்கினால் சுத்தமான நிக்கல் மிஞ்சும். லுட்விக் மொண்ட் 1890 இல் வெளியிட்ட இந்த வழியில்தான் ஒன்ராறியோவின் சட்பரியில் நிக்கல் சுத்திகரிக்கிறார்கள். உலோகத்தையே ஆவியாகத் தூக்கிப்போகும் பிடி! நம் இரத்தத்தின் ஈமோகுளோபினில் இருக்கும் இரும்பை, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவோடு பற்றுவதும் இதே குணந்தான்.

பிடித்ததைச் சீக்கிரம் விடாது. வெளிவளியைச் சுவாசித்தால், ஏறியதில் பாதி இறங்கவே ஏறக்குறைய 5 மணித்தியாலம் செல்லும். சுத்த ஒட்சிசனில் ஒன்றரை மணித்தியாலம் அளவில் முடியும். ஆகவே எல்லோரும் வெளியே வந்து, 911ஐ அழைத்து, வைத்தியசாலைக்குப் போகவே வேண்டும். தலையிடி, ஓங்காளம், தலைச்சுற்று; காய்ச்சல் இராது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் குறைகிறதென்றால் சளிக்காய்ச்சல் என்று படுத்துவிடாதீர்கள். கொவிட் காலத்தில் வாங்கிய விரல் கருவியையும் நம்பவேண்டாம். அது இரத்தத்தின் நிறத்தைப் பார்த்துக் கணக்கிடுவது. காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபினும் நல்ல சிவப்பு. மூச்சுத் திணறுபவருக்கும் 98 என்று காட்டக்கூடும்.

2008 இல் வூட்ஸ்டொக் நகரில் அடைபட்ட புகைபோக்கியால் ஒரு குடும்பத்தில் நால்வர் இறந்தார்கள். அதன் பின்னர் எழுந்த சட்டத்தால், எரிபொருள் சாதனமோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அலாரம் வேண்டும் என்ற விதி 2014 ஒக்ரோபர் 15 இல் ஒன்ராறியோவில் நடைமுறைக்கு வந்தது. பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஃபேர்னஸ் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், அலாரம் மேல்மாடியில் என்றால் என்ன பயன்? பூட்டித்தருவது வீட்டுக்காரரின் கடமை, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. அதன் உள்ளே இந்த வாயு காபனீரொட்சைட்டாக மாறும்போது பிறக்கும் சிறு மின்னோட்டந்தான் மணியை அடிக்க வைக்கிறது. அந்தக் கலம் காலப்போக்கில் பழுதாகும். பெரும்பாலும் 7 முதல் 10 வருடம். பொத்தானை அழுத்தினால் சத்தம் வரும், ஆனால் அது கலம் வேலை செய்கிறதா என்று சொல்லாது. கழற்றித் திருப்பிப் பாருங்கள், பின்புறத்தில் திகதி போட்டிருக்கும்.