படுக்கையில் இருப்பவருக்குப் பணிவிடை
(பழையசீவரத்தில் குடும்ப நலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடும்ப நலம் என்றதும் கர்ப்பிணி, குழந்தை, தடுப்பூசி என்றுதான் நினைவுக்கு வரும். பக்கவாதத்தில் விழுந்த தகப்பனார், இடுப்பெலும்பு முறிந்த மாமியார், புற்றுநோய் முற்றி வீடு திரும்பிய அண்ணன், இவர்களும் குடும்பம்தானே? டாக்டர் மருந்து எழுதிக் கொடுப்பார். ஆனால் இரவும் பகலும் அவர் பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான். ஆகவே நர்ஸ் செய்யும் வேலையில் பெரும்பங்கு உங்கள் கையில் இருக்கிறது.

இந்த ஊருக்கு இது புதிய விஷயம் அல்ல. பாலாற்றுக்கு அக்கரையில் இருக்கிறதே திருமுக்கூடல், அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் (1063–1070) கல்வெட்டு ஒன்று உண்டு. வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகளோடு அங்கே ஓர் ஆதுலர் சாலை நடந்தது. ஆதுலர் என்றால் நோயாளிகள். வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர் இருந்தார்கள். அதோடு நிற்கவில்லை. நோயாளிக்குப் பணிவிடை செய்து மருந்து காய்ச்சிக் கொடுக்க இரண்டு பெண்கள், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள், இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு, அதற்கு எண்ணெய், எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். வைத்தியர் மட்டும் போதாது, பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் வேண்டும், இருட்டில் பயப்படாமல் இருக்க வெளிச்சம் வேண்டும் என்பது தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்தில் தெரிந்திருக்கிறது.

உடம்புக்குச் செய்ய வேண்டியவை

முதல் எதிரி படுக்கைப் புண். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் செத்துப்போகிறது. பிட்டத்துக்கு மேல், இடுப்பு, குதிகால், முழங்கை, பின்தலை, இந்த இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறவில்லை என்றால் புண் ஆரம்பித்துவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, வீக்கம், கெட்டித்தன்மை இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. பழைய புடவையை மடித்து வைத்தாலும் போதும். இழுக்காதீர்கள், தூக்கி நகர்த்துங்கள். விரிப்பில் சுருக்கம் கூடாது, ஈரம் தங்கக் கூடாது. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, உள்ளே இருக்கும் சதை இன்னும் கெடும்.

சாப்பாடு கொடுக்கும்போது நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள். சின்னச் சின்ன வாயாக, விழுங்கின பிறகு அடுத்தது. இருமினால் நிறுத்துங்கள். அரைத் தூக்கத்தில் ஊட்டக் கூடாது. கஞ்சி மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். காலையும் இரவும் வாயைச் சுத்தம் செய்யுங்கள். மூத்திர டியூப் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக் கூடாது. தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மனசுக்குச் செய்ய வேண்டியவை

நேற்றுவரை வீட்டை ஆண்டவர் இன்று மலஜலத்துக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்கிறார். வலியைவிட அந்த வெட்கம் பெரிது. அதனால்தான் சிலர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறார்கள். "மறுபடியும் நனைச்சிட்டியா?" என்ற ஒரு வார்த்தை போதும், அவர் வாயை மூடிக்கொள்வார். நீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், மூத்திரத்தில் கிருமி சேரும்.

உடம்பைத் தொடுவதற்கு முன் சொல்லுங்கள்: "அத்தை, இப்போ இந்தப் பக்கம் திருப்பறேன்." துடைக்கும்போது கதவைச் சாத்துங்கள்; துடைக்கும் பாகம் தவிர மற்றதைப் போர்த்தி வையுங்கள். "இட்லியா, கஞ்சியா? என்ன வேணும்?" என்று கேளுங்கள். பேச முடியாதவருக்கும் காது கேட்கும். தலைமாட்டில் நின்று செலவுக் கணக்கோ, "இன்னும் எத்தனை நாளோ" என்றோ பேச வேண்டாம். முடிந்தால் தெரு தெரிகிற இடத்தில் கட்டிலைப் போடுங்கள். பார்வேட்டைக்கு வரதர் வரும்போது மேளச் சத்தம் அவர் காதிலும் விழட்டும். "நான் போய்ச் சேர்ந்தா தேவலை" என்று சொன்னால் அதட்டி அடக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "என்ன கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். வலியாக இருந்தால் அதற்கு மருந்து உண்டு. திரும்பத் திரும்பச் சொன்னால் டாக்டரிடம் தெரிவியுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கும் உடம்பு உண்டு

பெரும்பாலும் இந்தச் சுமை ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது. ஆண்மக்களே, உங்களுக்குச் சொல்கிறேன். பெற்ற தாயைத் திருப்பிப் படுக்க வைப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. முறை வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்பவர் இரவில் தூங்கவும், வாரத்தில் ஒரு நாளாவது வெளியே போய் வரவும் வழி செய்யுங்கள். தூக்கம் இல்லாத கை கரடுமுரடாகத்தான் இருக்கும். அது அவர் குற்றம் அல்ல.

உடனே தெரிவிக்க வேண்டியவை

காய்ச்சல், தோல் உரிந்த புண், ஒரு கால் மட்டும் வீங்குதல், மூத்திரம் நின்றுபோதல், திடீர்க் குழப்பம் இவற்றைக் கண்டால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அன்றே சொல்லுங்கள். மூச்சுத் திணறல், நினைவு தப்புதல் என்றால் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டன. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் மறைக்காமல் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். படுத்திருப்பவரின் முதுகையும் குதிகாலையும் பாருங்கள். பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.