சாமிக்குச் செய்த சத்தியமும் நம் வாக்கும்



மலைக்கு ஏறுமுன் மாரியம்மனைக் கும்பிட்டுத்தான் கூடையை மாட்டுகிறோம். பக்கத்துக் காம்பராவில் ஜெபம் நடக்கிறது. சங்கம் யாருடைய சாமியையும் கேட்பதில்லை. சந்தாவை மட்டுந்தான் கேட்கிறது.

ஆனால் தேர்தல் வந்தால் கோயிலுக்குத் தகரம் வருகிறது. பின்னாலேயே கற்பூரமும் வருகிறது, சத்தியம் வாங்க. அப்படிச் சத்தியம் செய்த ஓர் அம்மா எங்களிடம் வந்தார். "மாத்திப் போட்டா புள்ளைக்கு ஏதும் ஆகுமா சேர்?"

அன்று எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இன்று சொல்கிறோம்: ஒன்றும் ஆகாது, அம்மா. பயங்காட்டி வாங்கிய சத்தியத்தின் பாவம் வாங்கியவரைத்தான் சேரும். சாமி குற்றம் வருமென்று மிரட்டி வாக்குக் கேட்பது தேர்தல் சட்டப்படியும் குற்றம்.

1948இல் நம் பிரஜாவுரிமை பறிபோனது. 1949இல் வாக்குரிமையும் போனது. மிச்சமிருந்த நம்மவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். அப்படி மீட்ட வாக்கை ஒரு கட்டிக் கற்பூரத்துக்கா கொடுப்பது?

கும்பிட்டுவிட்டே வாக்களிக்கப் போவோம். நல்ல புத்தி கொடு என்று கேட்போம். புள்ளடியை எங்கே போட்டோம் என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லத் தேவையில்லை, தலைவரிடம் சொல்லத் தேவையில்லை. எங்களிடமும் சொல்லத் தேவையில்லை.